ஒரே கயிற்றில் இரண்டு சாவி

இப்போதெல்லாம் கடைக்காரன் முதல் டாக்டர் வரை எவனும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது பெரியவரின் கட்சி. ஒன்று கேட்டால் செல்போனைத் தடவி, அதைப் பார்த்துப் பதில் சொல்கிறான். மனுஷன்தான் அப்படி என்றால், காசு கொடுத்து வாங்கிய காருக்கும் அதே புத்தி வந்துவிட்டது. நேற்று முழுக்க அது அவரை 'நீ யாரு' என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றது.

தொலைந்தது சாவி. அதுவும் இரண்டும் சேர்ந்தே. மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில், கேண்டீனுக்கும் வார்டுக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டது. மற்ற வீடுகளில் ஒரு சாவி கையில் இருந்தால் இன்னொன்று பீரோவில் இருக்கும். வீட்டில் வைத்தால் எவனாவது எடுத்துவிடுவான் என்று பெரியவர் இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டு, காரை வாசலில் விட்டுவிட்டு ஆட்டோவில் போகும்போதும் இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் தம்பி மேல்தான் அவருக்குச் சந்தேகம். அவன் சிரித்த சிரிப்பு சரியில்லை.

இன்று மதியம் மனைவியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புது மூட்டு இன்னும் சரியாக மடங்காது. இந்தக் காரின் முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம். மாப்பிள்ளையின் கார் தீப்பெட்டி மாதிரி. "எங்க வீட்டுக்காரர் வந்து நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போவார்" என்று அந்த அம்மாள் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

நேற்று முதலில் அவர் தெருமுனைச் சாவிக் கடைக்காரரைத்தான் பிடித்தார். கடைக்காரர் கதவுப் பூட்டைப் பார்த்து ஒரு சாவியை அராவிக் கொடுத்தார். கதவு திறந்தது. திருகியதும் என்ஜின் உறுமியது. பெரியவர் நிமிர்ந்து உட்காருவதற்குள் அணைந்தது. மறுபடி திருகினால் மறுபடி அணைந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று விடாமல் சிமிட்டியது.

"சாவிக்குள்ள சிப்பு இருக்கணும் ஐயா. இது வெறும் இரும்பு. வண்டி நம்மளைத் திருடன்னு நெனைக்குது."

"உன்னைய மட்டும் சொல்லு" என்றார் பெரியவர்.

அதனால் இன்று காலையில் சிப்பு வைத்த சாவி போடுகிற ஆள் வந்தார். நல்ல பருமன். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. தோளில் ஒரு பை. வந்ததும் வராததுமாக வண்டிப் பேப்பரையும் அடையாள அட்டையையும் கேட்டார்.

"என் வண்டிக்கு நான்தான் சொந்தக்காரன்னு உனக்கு நான் காட்டணுமா?"

"திருடனும் இதையேதான் சொல்லுவான் ஐயா. உங்களைவிடக் கோவமா வேற சொல்லுவான்."

பெரியவர் காட்டினார். ஆனால் பேப்பரின் ஒரு முனையைக் கடைசிவரை விடவில்லை.

சாவிக்காரர் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு வயரைச் செருகி, மறுமுனையைச் சின்னப் பெட்டி ஒன்றில் மாட்டினார். "பழைய சாவி ரெண்டையும் வண்டி மறந்துடும். இந்தப் புதுசு ரெண்டைத்தான் இனிமே அதுக்குத் தெரியும். பழசை எடுத்தவன் வந்தாலும் என்ஜின் ஓடாது."

"கதவு?"

"கதவு தொறக்கும்."

"அப்ப உள்ள வந்து உக்காந்துக்குவான்."

"உக்காந்துக்கலாம். எங்கயும் போக முடியாது."

"உன் பெட்டியில என் சாவி பதிஞ்சிருக்கும்ல? நாளைக்கு நீயே ஒண்ணு போட்டு ஓட்டிட்டுப் போயிட்டா?"

"உங்க சீட்டுல என் வயிறு நுழையாது ஐயா" என்றார் சாவிக்காரர்.

சாவியைப் போட்டு, கதவைச் சாத்தி, எதையும் தொடாமல் சிறிது நேரம் சும்மா இருக்க வேண்டுமாம். அப்போதுதான் வண்டி பழையதை மறக்கும். பெரியவர் ஓட்டுநர் சீட்டைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரியைக் குடித்துத் தீர்க்கிறானோ என்று தோன்றியது அவருக்கு. சாவியைச் சட்டென்று உருவிவிட்டார்.

சாவிக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சரி. முதல்ல இருந்து வருவோம்."

இரண்டாவது தடவை பெரியவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. ஒரு சாவியைப் போட்டு என்ஜினை ஓடவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டார்கள். இரண்டிலும் ஓடியது. கூலியை வாங்கிக்கொண்டு சாவிக்காரர் போய்விட்டார்.

பெரியவர் இந்தத் தடவை வளையத்தை நம்பவில்லை. பார்சல் கட்டும் கயிற்றை எடுத்து, இரண்டு சாவியின் தலைகளையும் முதுகோடு முதுகு ஒட்டவைத்து, அசையாதபடி சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். திருகினார். என்ஜின் உறுமியது. அணைந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது.

மாப்பிள்ளை தன் தீப்பெட்டியில் வந்து இறங்கும்போது பெரியவர் போனில் சாவிக்காரரைப் பிடித்திருந்தார். "காசு வாங்குற வரைக்கும் ஓடும்படி வச்சிட்டுப் போயிட்ட. நல்ல வித்தை."

"மாமா, அத்தை டிஸ்சார்ஜ் ஆகி கீழ வந்து உக்காந்துட்டாங்க. நான் போய் என் வண்டியிலயே கூட்டிட்டு வந்துடறேன்."

"உங்க வண்டியில அவ காலைக் கழட்டித்தான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனுக்குத் திரும்பினார்.

"ரெண்டு சாவியும் எங்க இருக்கு ஐயா?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"என் கையிலதான். வேற எவன்கிட்ட இருக்கும்?"

"சேத்துக் கட்டியிருக்கீங்களா?"

பெரியவர் கயிற்று முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"வண்டி ஒரு சாவிகிட்டதான் பேசும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே நேரத்துல பேசினா குழம்பிடும். ஒண்ணைப் பிரிச்சு வேற யார்கிட்டயாவது குடுத்து வைங்க."

வேறு யாரிடமாவது. பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை. மாப்பிள்ளையும் விவரமான ஆள். கையை நீட்டாமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்ப்பாள்.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார்.

"இந்தாங்க. உங்க வண்டியில வைங்க. என் வண்டிகிட்ட வராதீங்க."

"எவ்வளவு தூரம் மாமா?"

"கண்ணுக்குத் தெரியுற தூரத்துல வாங்க. ஆனா கிட்ட வராதீங்க."

திருகினார். ஓடியது. அணையட்டும் என்று காத்திருந்தார். அணையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் தாங்கிப் பிடிக்க, மனைவி முன் சீட்டில் ஏறிக் காலை நீட்டினாள். "அப்பாடா" என்றாள். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை ஏன் மந்திரிக்குப் பாதுகாப்பு வர்ற மாதிரி பின்னாலயே வர்றார்?" என்று கேட்டாள்.

"சாவி அவர்கிட்ட இருக்கு."

"அப்ப இது எதுல ஓடுது?"

"இது வேற சாவி."

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நீங்களா அவர்கிட்ட சாவி குடுத்தீங்க?"

"ரோட்டைப் பாக்க விடு."

வீட்டு வாசலில் அவளைப் பிடித்து இறக்கி, நடை பழகும் கம்பியை முன்னால் வைத்து, வாசலில் காத்திருந்த மகளிடம் ஒப்படைத்தார். மாப்பிள்ளை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து சாவியை நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திருட்டுக்குப் பயந்து கம்பெனிக்காரன் வச்ச ஏற்பாடு மாமா. இப்பவாவது நம்புறீங்கள்ல?"

"எதை நம்பச் சொல்றீங்க? ரெண்டு சாவியை வித்துட்டு ரெண்டையும் சேத்து வைக்காதேங்கிறான். செருப்பு ஒரு ஜோடி வித்துட்டு, ஒண்ணை மாப்பிள்ளை வீட்டுல வையின்னு எவனாவது சொல்லுவானா? இதுல என்னமோ இருக்கு."

சிப்பு, சிக்னல் என்று மாப்பிள்ளை விளக்க ஆரம்பித்தார். பெரியவர் மருந்துப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடியே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.