வாடாத வரிசை

நாற்றுக்கூடத்தில் தக்காளி இலைகள் சுருண்டு மஞ்சளித்தபோது, ஒரு வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. புதிய ரகம். நாற்றுக்காரி மற்றதையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டு, அந்த நாற்றுகளைத் தம்பியின் தோட்டத்துக்கு அனுப்பினாள். நோய் இதன் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்று பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

மதியம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. சுருண்ட இலையோடு, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பச்சை வரிசையின் இலை ஒன்றையும் கொடுத்திருந்தாள். இரண்டிலும் அதே வைரஸ் என்றாள் ஆய்வகப் பெண்.

"அந்தச் செடி நல்லா இருக்கேம்மா."

"நல்லாத்தாங்க இருக்கும். அது கிருமியை விரட்டலை, உள்ள வச்சுக்கிட்டே தாக்குப்பிடிக்குது. காயும் காய்க்கும். ஆனா வெள்ளை ஈ அதுல உக்காந்துட்டு வேற செடிக்குப் போச்சுன்னா, அந்தச் செடி தாங்காது."

நாற்றுக்காரி உடனே தம்பியை அழைத்தாள். தம்பி தோட்டத்தில் பழைய ரகம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. அவன் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பியும் அவன் மனைவியும் நட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு நாற்றுத் தட்டைத் தூக்கினான். அதிலிருந்து வெள்ளைத் தூசிபோல ஈக்கள் எழும்பி, பக்கத்துப் பூக்களில் போய் அமர்ந்தன.

"நடாதடா," என்றாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"காலைல தங்கம்னே, இப்ப விஷம்ங்கிறே. தலைக்கு வெயில் ஏறிடுச்சாக்கா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனான்.

அவன் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "கொழந்தைங்க இதைத் தின்னா ஏதாவது ஆகுமா அண்ணி?"

மனுஷருக்கு ஒன்றும் ஆகாது, செடிகளுக்குத்தான் ஆபத்து என்றாள் நாற்றுக்காரி. நட்டதைப் பிடுங்கிப் பையில் போட்டு இறுகக் கட்டினார்கள். ஈக்கு மருந்தும் அடித்தார்கள்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் அங்கே போய் இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துப் பழைய ரகச் செடிகளிடம் அழைத்துப்போனாள். ஒரு கொழுந்து சுருண்டிருந்தது. சில வாரங்களில் பாதித் தோட்டம் போயிற்று.  

கிருமி இருந்தாலும் காய்க்குமே, அடுத்த நடவுக்கு அந்தப் புதிய ரகம்தான் வேண்டும் என்று தம்பியே கேட்டான். வேறெதையும் கலக்காமல் அதை மட்டும் நட்டு, ஈ உள்ளே வராமலும் வெளியே போகாமலும் சுற்றிலும் மெல்லிய வலை கட்டினார்கள். காய்த்துக் குலுங்கியது. வந்து பார்த்தவர்களெல்லாம் நோயே இல்லையே என்று மெச்சினார்கள். அவள் வலைக்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தாள்.