பொனான்சா ஓடையில் புதைந்த வேன்

கனடாவின் வடமேற்கில், ஒயிட்ஹார்ஸிலிருந்து டாசன் போகும் நெடுஞ்சாலையில் ஆர்வில் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். அவர் மனைவி டெல்ஃபினுக்கோ அந்தப் பக்கம் போக ஒருமுறைகூட வாய்க்கவில்லை. அவர் ஓய்வு பெற்றதும், ஊர் சுற்றிப் பார்க்கப் போயே தீரவேண்டும் என்று டெல்ஃபின் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

"ஓட்டுறது வேற யாராவது. நீ என் பக்கத்துல உக்காந்து வாய மூடிட்டு வரணும், அவ்வளவுதான்" என்பது அவருடைய நிபந்தனை.

இப்படித்தான் அந்த ஜூலையில் இருவரும் நான் ஓட்டும் சுற்றுலா வேனில் ஏறினார்கள். கூடவே ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலரும். உட்காருவது வரைக்கும் ஆர்வில் சொன்னதைக் கேட்டார். வாயை மூடுவதுதான் அவரால் ஆகவில்லை.

"ஏம்மா மார்னி, மேட்டுல இப்படி முக்கவிட்டா இஞ்சின் என்னத்துக்காகும்? கியரக் குறை."

"ஆர்வில், வெளிய பாரு" என்பார் டெல்ஃபின். சாலையின் இருபுறமும் செந்நிறப் பூக்கள் தீப்பிடித்தாற்போல் பூத்துக் கிடந்தன. ஒரு குளத்தில் தாய் மூஸ் மானும் கன்றும் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி தின்றன. ஆசிரியைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆர்வில் என் கிளட்சைப் பார்த்தார்.

மறுநாள் டாசனுக்கு வெளியே பொனான்சா ஓடைப் பக்கம் போனோம். அந்தக் காலத்தில் தங்கம் அரித்த பெரிய மிதவை இயந்திரம் அங்கே இன்னும் நிற்கிறது. அது கக்கிப்போட்ட கூழாங்கற்கள் பள்ளத்தாக்கு நெடுக மண்புழு எச்சம் மாதிரி குவிந்து கிடக்கின்றன.

"இடது பக்கம் திரும்பு. குறுக்கு வழி. எனக்குத் தெரியாத ரோடா?" என்றார் ஆர்வில்.

நானும் புத்தி கெட்டுத் திரும்பினேன். முந்தின வாரத்து மழை பாதையைக் களியாக்கி வைத்திருந்தது. பின்சக்கரம் அச்சு வரை புதைந்து போயிற்று.

டெல்ஃபின் கணவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஆசிரியைகள் கொசுவலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

சற்றுத் தள்ளி ஒருவர் தன் சுரங்க நிலத்தில் மண் தோண்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்தவர், டெல்ஃபினைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"டெல்ஃபின்தானே? அடையாளமே மாறல!"

"பொய் சொல்லாத, லார்ன். நீதான் மாறல. அப்பவும் சேறு, இப்பவும் சேறு."

ஆர்விலின் முகம் சுருங்கியது. "யாரு இது?"

"உனக்கு முன்னாடி என்னப் பொண்ணு கேட்டவர்" என்றார் டெல்ஃபின் சாவகாசமாக. "தங்கம் கிடைச்சதும் வந்து கட்டிக்கிறேன்னார்."

"இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்" என்று லார்ன் சிரித்தார். "வேனை இழுத்து விட்டுடலாம். ஆனா என் மிஷினே படுத்துக் கிடக்கு. கைய அசைக்க மாட்டேங்குது."

ஆர்வில் விறைப்பாகவே நின்றார். ஆனாலும் அவர் கண் மெல்ல அந்த இயந்திரத்தின் பக்கம் போயிற்று. "எண்ணெய்க் குழாய் பாத்தியா?"

"பாத்தாச்சு."

"நீ பாத்த லட்சணம் தெரியுது. ஸ்பேனர் பெட்டி எங்க?"

அதன்பின் இரண்டு பேரின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அடியிலிருந்து ஏச்சுச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தமும் வந்தது. லார்னின் கூடாரத்தில் பானக் என்ற தட்டை ரொட்டியும் கரிபூ மான் இறைச்சிக் குழம்பும் இருந்தன. டெல்ஃபின் அதிகாரத்தோடு எடுத்து எங்கள் எல்லாருக்கும் பரிமாறினார்.

"அவர விட்டதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று ஓர் ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

டெல்ஃபின் அந்த நான்கு கால்களையும் பார்த்தார். "யாரக் கட்டியிருந்தாலும் நான் இப்படித்தான் மிஷினுக்கு வெளிய உக்காந்திருப்பேன். ஆனா ஆர்வில் ராத்திரி வீட்டுக்கு வந்துடுவார். அது போதும்."

ஒருவழியாக இயந்திரம் உறுமி எழுந்தது. வேனும் சேற்றிலிருந்து வெளியே வந்தது. ஆனால் ஆர்வில் ஏற மறுத்தார். "இவன் பம்பும் சரியில்ல. நீங்க போங்க. இவன் லாரில வந்துடுறேன்."

"தாராளமா!" என்றார் டெல்ஃபின். முன்சீட்டில், என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மிதவை இயந்திரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்தோம். சாயங்காலம் டாசனுக்கு மேலே இருக்கும் குன்றின் உச்சிக்குப் போனோம். கீழே கிளான்டைக் ஆற்றின் தெளிந்த தண்ணீர் யூகான் ஆற்றின் கலங்கிய தண்ணீரோடு சேராமல் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடியது. யாரும் கியரைப் பற்றிப் பேசவில்லை. டெல்ஃபின் காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டினார்.

"அவரக் கூப்பிட ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"அவசரம் என்ன, மார்னி? அவர் அங்க சந்தோஷமா இருக்கார். நான் இங்க இருக்கேன்."

ராத்திரி பத்து மணியாகியும், அந்த வடகோடிக் கோடை வெயில் மலை முகட்டில் இறங்காமல் நின்றது. நாங்களும் எழுந்திருக்கவில்லை.