மூன்றாம் பத்தியில் செத்த மாப்பிள்ளை

1

முதலில் ஒரு கொலையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன் நான். ஆள்களைச் சாகடிப்பது என் பிழைப்பு. இந்தத் தடவை செத்தவர் என் தங்கையின் கணவர். இதை எழுதும்போது அவர் கீழ்வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். குழாய்ச் சத்தம் கேட்கிறது.

கதையை எழுதச் சொன்னதும் அவர்தான். "எழுதித்தானே கொன்னீங்க மச்சான், எழுதியே எழுப்பிவிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

"நாற்பத்திரண்டு வயதில் அவள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் சிரித்து..." [இல்லை. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவளுக்குக் கூசியது அதுதான்.]

"இயந்திரங்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில்..." [தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.]

நேராகவே சொல்கிறேன். தங்கை பதினாறு வருஷம் தபால் ஆபீசில் தபால் பிரித்தாள். எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்து உரிய பெட்டியில் போட்டுவிடுவாள். பிரிக்கிற இயந்திரம் வந்ததும் வேலை போயிற்று. டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கத் தன்னை விட்டால் ஆள் ஏது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள். நான்கு வருஷம். வேலை போனதற்குக் கிடைத்த தொகை இரண்டு வருஷக் கட்டணத்தோடு தீர்ந்தது. மூன்றாம் வருஷத்தை, லிஃப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்க் கட்டினார். கடைசி வருஷத்துக்கு வழியில்லை. கட்டாவிட்டால் படித்த மூன்று வருஷமும் வீண்.

நடுவயதில் படிக்க வந்தவர்களுக்கு ஓர் அறக்கட்டளை கட்டணம் கட்டுகிறது என்று தெரியவந்தது. தன் நிலைமையை ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தங்கை எழுதினாள்: 'என் கணவருக்கு வேலை இருக்கிறது. சம்பளம் போதவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.'

நான் படித்துவிட்டு, "இதுல அழுகையே இல்லையேம்மா" என்றேன். பேனாவை வாங்கினேன். மூன்றாம் பத்தியில், 'பாதுகாப்பு பெல்ட் மாட்ட மறந்த ஒரே ஒரு நொடியில், லிஃப்ட் குழியின் இருளுக்குள்' என்று மாப்பிள்ளையை முடித்தேன். ஐந்து நிமிஷ வேலை. கை பழகிவிட்டது.*

* இறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தால் மாட்டியிருப்போம். கேட்கவில்லை. என் நடையை நம்பிவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானமான பாராட்டு கிடைக்காது.

3

இந்த இடத்தில் முதல் வரைவில், 'அண்ணன் நீட்டிய தாளை அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்' என்று எழுதியிருந்தேன். அவள்மேல் உங்களுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. அவளிடம் காட்டினேன்.

"அதை அடிச்சுடு" என்றாள். "படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். யார் கிறுக்கினாலும் படிக்கிறவ, நீ எழுதினதைப் படிக்கலையாம். யாருண்ணா நம்புவா?"

அடித்துவிட்டேன். ஆகவே நடந்தபடி: அவள் படித்தாள். நன்றாக இருக்கிற மனுஷனை எதற்கு இப்படி என்று கேட்டாள். சுவரில், கட்டணத்தின் கடைசித் தேதியை வட்டமிட்டிருந்த காலண்டரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் அது.

4

பதில் பதிவுத் தபாலில் வந்தது. தங்கை கல்லூரியில் இருந்தாள். மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறைமேல் 'காலஞ்சென்ற' என்று போட்டு அவருடைய பெயர். பிறகு 'அவர்களின் துணைவியார்'. உள்ளே நல்ல செய்தி. சனிக்கிழமை விழா, மேடையில் காசோலை, மறைந்த கணவரைப் பற்றி ஐந்து நிமிஷப் பேச்சு. திரையில் காட்ட அவருடைய புகைப்படம் ஒன்றும் வேண்டுமாம். கட்டுரையின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

அன்று மாலை எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தோம். கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செத்தது இருக்கட்டும் மச்சான்" என்றார். "பெல்ட் போடாம செத்தேன்னு எழுதியிருக்கீங்களே."

கட்டுரையின் நகலை என் முன்னால் தள்ளினார்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள்கூட பெல்ட் இல்லாம குழியில இறங்கினதில்ல. புதுசா வர்றவனுங்க என்னைக் கிண்டல் பண்ணுவானுங்க, கக்கூஸ் போனாலும் பெல்ட் மாட்டுவாருன்னு." தங்கை பக்கம் திரும்பினார். "அவருக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?"

"தெரியும்" என்றாள்.

மறுநாள் காலையில் மேசைமேல் ஒரு புகைப்படம் கிடந்தது. லிஃப்ட் குழியின் வாசலில் அவர் நிற்கிறார். தோளிலும் இடுப்பிலும் பெல்ட், கொக்கி மாட்டியபடி. பின்புறம் பென்சிலில் எழுதியிருந்தார்: 'இதையே குடு. தெளிவா தெரியுது.'

5

முடிவு ஒன்று: மேடையில் அவள் உண்மையைச் சொல்கிறாள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. காசோலையும் கிடைக்கிறது. [நாற்பது தடவையாவது இதை எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன்.]

முடிவு இரண்டு: நான் எழுதிக்கொடுத்த பேச்சை வாசிக்கிறாள். படிப்பு முடிகிறது. வெள்ளைக் கோட்டோடு மருந்துக் கடையில் நிற்கிறாள். மாத்திரையை நீட்டும்போதெல்லாம் [முடிக்க வரவில்லை.]

முடிவு மூன்று: அவள் விழாவுக்குப் போகவே இல்லை. [போனாள்.]

நடந்ததில் இவ்வளவு மட்டும் சொல்கிறேன். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளை வரவில்லை, செத்தவன் வந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டுவிட்டார். ஆனால் மேடைத் திரையில், சுவர் அகலத்துக்கு அவர்தான் இருந்தார். என் மூன்றாம் பத்தியை மேடையில் வாசித்து முடித்ததும், எனக்குப் பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெல்ட் போட்டுத்தானே நிக்கிறாரு, பாவம்."

தங்கை மேடை ஏறினாள். அவள் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று என் பேச்சு. இன்னொன்று, என் பேனா படுவதற்கு முன் அவளே எழுதிய அந்தப் பக்கம். மைக் முன்னால் நின்றவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யாரோ இருமினார்கள். பைக்குள் கையை விட்டாள்.

எந்தத் தாள் வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு முடிவை எழுதிவிட்டேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தலைகுனிய வைப்பதும் நிமிர வைப்பதும் உங்கள் பாடு. மாப்பிள்ளையைக் குழியில் இறக்குவதாக இருந்தால் மட்டும், முதலில் பெல்ட்டை மாட்டிவிடுங்கள்.