கடைசித் துண்டை யார் எடுப்பது

1.

இந்தக் கதை ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டிலிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கே இருக்கும் டுலூத்தில் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளிக்கு, ஆசிரியர்கள் ஓய்ந்து விழுந்துவிடாமல் இருக்க ஒரு நலவாழ்வு ஒருங்கிணைப்பாளரை அனுப்பினார்கள். பெயர் கிரெய்க் ஓல்ஸ்டட். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்.

“பெரிய வேலையைப் பார்த்தாலே மூச்சு முட்டுதா? உடைங்க. தினம் ஒரு சின்ன வேலை. முடிச்சதும் ஒரு கோலிக்குண்டு உள்ள போடுங்க.”

யோசனையில் குற்றமில்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல அவருக்கு மூன்று மணி நேரமும் திரையில் காட்ட அறுபத்திரண்டு படங்களும் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் எழுதுகிறேன், தினம் ஒரு துளி. (குண்டு போட்டாயிற்று.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி கொட்டிய ஒரு காலையில் மார்லிஸ்—’

வேண்டாம். பிப்ரவரியில் இங்கே பனி கொட்டாத காலை வந்தால் அதைத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது முயற்சி: ‘மார்லிஸ் ட்வைட்டுக்கு அந்தக் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.’

இது இருக்கட்டும். மார்லிஸ் நாலாம் வகுப்பு ஆசிரியை, வயது ஐம்பத்து மூன்று. கடிதம் மார்பகப் படம் எடுத்த மருத்துவமனையிலிருந்து வந்தது. இடப்பக்கம் ஒரு நிழல் தெரிகிறதாம். இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். போன் செய்து நாள் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

3.

மார்லிஸ் உடைத்தாள்.

முதல் நாள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஒரு குண்டு. மறுநாள் போன் எண்ணை மஞ்சள் சீட்டில் எழுதினாள். அடுத்த நாள் அதையே அழகான கையெழுத்தில் எழுதினாள். பிறகு பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். ஒரு நாள் ‘ஹலோ, நான்’ வரைக்கும், இன்னொரு நாள் மீதி. ஒவ்வொரு குண்டும் டிங்கென்று விழும்போது அரை நிமிடம் நெஞ்சு லேசானது. அப்புறம் பழையபடி. பலகையில் வகுத்தல் கணக்குப் போடும்போது அவள் இடக்கை தானாகப் போய் விலாவோடு ஒட்டிக்கொண்டது.

* ‘அவள் கோழை’ என்று எழுதி அடித்துவிட்டேன். போன வருடம் பள்ளிப் பேருந்து பனிக்கட்டியில் வழுக்கிச் சாய்ந்தபோது பதினொரு பிள்ளைகளைத் தனியாளாக இறக்கியவள். ஆனால் பேருந்து கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை.

4.

மாதக் கடைசியில் ஆசிரியர் அறையில் விழா. பள்ளியிலேயே முதலில் நிரம்பியது மார்லிஸின் பாட்டில்.

“உங்க ரகசியம் என்ன, மார்லிஸ்?” என்றார் கிரெய்க்.

“துண்டு துண்டா வெட்டிக்கிட்டேன்.”

கைதட்டல். கிரெய்க் அதைக் குறித்துக்கொண்டார். அறுபத்து மூன்றாவது படம் தயார்.

மேசையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக். கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பேராசை என்பார்கள். என்ன, வாயால் சொல்ல மாட்டார்கள். ஆகவே பாதி வெட்டி எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவைப்பார்கள். விளையாட்டு ஆசிரியர் பாதி எடுத்தார். நூலகர் அதில் பாதி. கிரெய்க், “எனக்கு ஒரு கிள்ளு போதும்” என்று அதிலும் பாதி. கட்டைவிரல் நகமளவு மிஞ்சியதன் மேல் மார்லிஸ் கத்தியை வைத்தாள்.

எல்லோரும் கலைந்திருந்தார்கள். சமையலறை ஐனோ கங்காஸ் தட்டெடுக்க வந்தாள். கடிதத்தைப் பற்றி மார்லிஸ் வாய்திறந்தது அவளிடம் மட்டும்தான்.

“ஏண்டி, அதுல இன்னும் வெட்ட என்ன இருக்கு?”

“யாராவது சாப்பிடட்டுமேன்னு.”

“உன் கடிதத்துக்கும் யாராவது போன் போடட்டும்னு இருக்கியா?”

“போட்டுக்கிட்டுதாண்டி இருக்கேன். நேத்து முதல் மூணு எண் அழுத்தினேன்.”

“மூணு! அது ஏரியா எண்ணுடி. வடக்கு மினசோட்டாவையே கூப்பிட்டிருக்கே. யாராவது எடுத்தாங்களா?”

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. “வெட்ட வெட்டச் சின்னதாகும்னு நெனச்சேன், ஐனோ.”

“சின்னதாச்சு. தீரலையே.”

5.

முடிவு அ: மார்லிஸ் பேசுகிறாள். நிழல் வெறும் நிழல்தான். (கிரெய்க்குக்கு அறுபத்து நான்காவது படம். தரமாட்டேன்.)

முடிவு ஆ: மார்லிஸ் பேசுகிறாள். நிழல்

முடிவு இ:

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் ஆறு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் மேலே ‘5’ என்று எழுதினேன். குண்டு. மறுநாள் அதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். அதற்கும் ஒரு குண்டு. என் பாட்டிலும் நிரம்பப் போகிறது.

6.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மணி மூன்றே முக்கால். மருத்துவமனையில் நாலு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டார்கள். ஐனோ தட்டை எடுக்கவில்லை. கத்தியை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது கதவைச் சாத்தினாள். மார்லிஸ் குளிர்கோட்டை மாட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது எண்கள் அழுத்தியாயிற்று. கட்டைவிரல் பத்தாவதன் மேல் நிற்கிறது. இதை எழுதும் நான் எங்கள் ஊர்க்காரன், கடைசித் துண்டை எடுத்துப் பழக்கமில்லை.

தட்டை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டேன். கத்தி இல்லை.