வலக்கைப் பக்கத்துப் பொட்டு

பாரிசிலிருந்து வந்த நீள உருளைப் பார்சலைத் தான் வேலை செய்யும் தபால் கந்தோர் மேசையில் வைத்தே பிரித்துவிட்டாள் கோசலா. சுருண்டு கிடந்த தாளின் நான்கு மூலையிலும் அவள் முத்திரைக் கட்டைகளை வைத்து விரிக்க, தபால்காரர் தம்பிஐயா கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒரு நகரத்துத் தெருவின் ஓவியம். மழை விட்ட நேரம்போல வீதி ஈரமாகப் பளபளத்தது. குதிரை வண்டிகள், குடைகள், இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். எல்லாம் கலங்கலாக இருந்தன. ஒருவருக்கும் முகம் இல்லை. தம்பிஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தண்ணி பட்டிட்டுது பிள்ளை. மையெல்லாம் கரைஞ்சுபோச்சு. எங்கட கைக்கு வரேக்கயே இப்பிடித்தான் இருந்தது எண்டு ஒரு துண்டு எழுதி வையும்."

அது அப்படித்தான் வரையப்பட்டது, நூறு வருடத்துக்கு முந்திய ஓவியம் ஒன்றின் அச்சுப்படம் என்று கோசலா விளக்கினாள். அவர் நம்பவில்லை. உருளையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. "அப்ப கீறினவனுக்குத்தான் கண் சரியில்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

உருளைக்குள் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. எழுதியவன் நிரோஜன். புங்குடுதீவில் பிறந்தவன்தான், கோசலாவின் வீட்டிலிருந்து இரண்டு மைல்கட்டை தள்ளி. இருபத்திரண்டு வயதில் பாரிசுக்குப் போனவனுக்கு இப்போது முப்பத்தைந்து. அவனுடைய மாமி பேசிய சம்பந்தம். மூன்று மாதமாகப் போனில் கதைக்கிறார்கள். பகிடியாகக் கதைப்பான், அவள் சொன்னதை அடுத்த கிழமையும் நினைவு வைத்திருந்து கேட்பான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் வீடியோவில் எப்போது பார்த்தாலும் அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான். இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவான். முகத்துக்கு மிகக் கிட்டப் போனைப் பிடிப்பான். சில வேளை நெற்றி மட்டும், சில வேளை மூக்கு மட்டும் தெரியும். அந்தச் சுவருக்கு அங்கால் என்ன இருக்கிறது, அல்லது யார் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் அவளால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அம்மா மாமியிடம் சொல்லியாகிவிட்டது.

கடிதத்தில் நான்கே வரிகள். 'இதுதான் நான் இருக்கிற றோட்டு. படம் பழசு, றோட்டு அப்பிடியே இருக்கு. வலக்கைப் பக்கம் ரெண்டாவது வீட்டோட ஒரு பொட்டு இருக்கு. அதைப் பார்த்திட்டு முடிவைச் சொல்லும்.'

படத்தை வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினாள். அம்மா இராசேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து பார்த்து, இத்தனை சனத்தில் ஒருவருக்காவது மூக்கு வைத்திருக்கலாம் என்றாள். கந்தோரில் தேய்ந்த முத்திரைகளை வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கோசலா கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு படத்தோடு முகம் ஒட்ட நின்று தேடினாள். தேடத் தேட, படம் முழுவதுமே பொட்டாக இருந்தது. ஒரு மனிதன் என்று நினைத்தது கிட்டப் போனால் இரண்டு கறுப்புத் தீற்றலும் ஒரு மண்ணிறப் புள்ளியும். குதிரையும் அப்படித்தான். ஈரம் என்று நினைத்தது வெறும் ஊதாவும் வெள்ளையும். அலுத்துப்போய்ப் பின்னால் நகர்ந்து கதவடியில் நின்றால் எல்லாரும் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். குடை பிடித்திருந்த ஒருத்தி யாருக்கோ பிந்திவிட்டவள்போல அவசரமாகப் போனாள். மூன்றாம் நாள் வலக்கைப் பக்கம் இரண்டாவது கட்டடத்தில், மேல்மாடி யன்னலோடு ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டாள். பூச்சட்டியாக இருக்கவேண்டும். வேறெங்கும் அந்தச் சிவப்பு இல்லை.

'கண்டுட்டன். சிவப்புப் பொட்டு. வடிவான இடம்' என்று அவனுக்கு எழுதினாள். அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் அடுத்த நாள்தான் வந்தது. 'ம்' என்று மட்டும். அதற்கிடையில் மகள் போய் இருக்கப்போகிற மாடியில் பூச்சட்டியெல்லாம் இருக்கிறதாம் என்று அம்மா இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். வெட்கப்பட்டிருப்பான் என்று முதலில் நினைத்த கோசலாவுக்கு, அந்த 'ம்' நாள் போகப்போக உறுத்தியது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து பையை வைக்கமுதலே பின்வளவிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"பிள்ளை, கெதியா வா. ஆடு பொட்டுக்குள்ளால அங்காலப் போட்டுது."

பக்கத்து வளவுக்காரர் கனடாவில். ஆட்டைப் பிடிக்கச் சுற்றி வாசல் படலையால் போவதென்றால் நேரம் எடுக்கும். கோசலா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கிளுவை வேலியில் ஆடு போன அதே பொட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். பாதி உடம்பு அங்கால் போனதும் தலைமயிர் முள்ளில் மாட்டியது. அதை எடுக்கக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியில் வைப்பதும் பொட்டு. வேலியில் ஆடும் நாயும் நுழைகிற ஓட்டையும் பொட்டு. பள்ளிக்கூடத்துக்குத் தான் ஒரு நாளும் றோட்டால் போனதில்லை, ஏழு வேலிப் பொட்டுக்குள்ளால்தான் போனது என்று நிரோஜன் ஒருநாள் சொல்லிச் சிரித்திருந்தான். படத்தில் ஒரு புள்ளியைச் சொல்வதென்றால் அவன் புள்ளி என்றே எழுதியிருப்பான்.

ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, கால் கழுவாமலே உள்ளே போய்ப் படத்தின் முன் நின்றாள். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் இடையில், இவ்வளவு நாளும் நிழல் என்று விட்டிருந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கருநீலம். கிட்டப் பார்த்தால் வேறொன்றும் இல்லை. கதவடிக்குப் போய்ப் பார்த்தாள். ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய ஒடுங்கிய ஒழுங்கை அது.

அங்கே காலை. நிரோஜன் உடனே எடுத்தான். அதே வெள்ளைச் சுவர்.

"பொட்டு எண்டது அந்த ஒழுங்கையைத்தானே?"

அவன் போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"ஓம்," என்றான். "அதுக்குள்ளால போனால் நான் வேலை செய்யிற சாப்பாட்டுக்கடைக்குப் பின்பக்கம். நாலு பேர், ஒரு அறை. யன்னல் இல்லை."

"நான் சிவப்புப் பொட்டெண்டு எழுதினோடன ஏன் இல்லையெண்டு சொல்லேல்லை?"

"வடிவான இடமெண்டு எழுதியிருந்தனீர். வாய் வரேல்லை."

இதை முதலே போனில் காட்டியிருக்கலாமே என்று கேட்டாள். மூன்று தரம் போனைத் திருப்பப் பார்த்ததாகவும் கை வரவில்லை என்றும் சொன்னான். பிறகு, தயங்கியபடி, "படத்தில பார்த்தால் அந்த இடமும் வடிவாத்தான் இருக்கு. அதுதான் அனுப்பினனான்" என்றான். அவள் வந்தால் வேறு இடம் பார்ப்பானாம். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, பொய் சொல்ல ஏலாது என்றான்.

கோசலா படத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"வெளியில வந்து நில்லுங்கோ. இப்ப திருப்புங்கோ."

சுவர் ஆடியது. ஒரு கதவின் விளிம்பு, ஒரு தோள், பிறகு இருட்டு. இணைப்பு இழுபட்டு, திரை முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தது. சாம்பல், கறுப்பு, நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று. இன்னது என்று சொல்ல முடியவில்லை. அவள் போனை அலுமாரியின் அடியில், படத்துக்குக் கீழே சாத்திவைத்துவிட்டுப் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

"என்னவாம்? நாளைக்கு மாமிக்கு என்ன சொல்லுறது?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

"பொறுங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம் எட்டப் போகவேணும்."

கதவு நிலை முதுகில் தட்டியது. அங்கே நின்று பார்த்தாள். கையகலத் திரையில் சதுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஈரக் கல் பதித்த ஒடுங்கிய ஒழுங்கை; அதன் கடைசித் தொங்கலில் வெளிச்சமான பெரிய றோட்டு. அந்த வெளிச்சத்தில், மூக்கும் முகமும் இல்லாத யாரோ ஒருத்தி, மடித்த குடையை உதறிக்கொண்டு கடந்து போனாள்.