அண்ணனின் காயப் பதிவேடு

அண்ணனும் நானும் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு ஆங்கில வார்த்தைக்காக. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முதலுதவி அறை அவன் பொறுப்பு. யாருக்கு எப்படி அடிபட்டது என்று பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அன்று மாலை அதை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான்.

"‘வூண்டட்’னு போட்டிருக்கியே, யாராவது கத்தியால குத்தினாங்களா?" என்று கேட்டேன்.

"கட்டிங் மிஷின்காரன் கை நழுவிப் பலகையை விட்டுட்டான். லோடு ஏத்துறவன் கால்ல விழுந்துச்சு."

"தெரியாம விழுந்தா அது ‘இஞ்சர்ட்’, அண்ணா. ஆயுதத்தை எடுத்து வேணும்னே அடிச்சாத்தான் ‘வூண்டட்’."

"ரத்தம் ரத்தம்தானே? பஞ்சுக்கு இங்கிலீஷ் தெரியுமா? நாளைக்கு மாத்திடறேன், போடி."

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

பதிவேட்டைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மிஷின்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நான் வேணும்னே போட்டேன்னு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. புக்குல அப்படித்தான் இருக்காம். அடிபட்டவனே இல்லேங்கறான், கூட்டாளிக்காகப் பேசறான்னு நம்ப மாட்டேங்கறாங்க."

அவரோடு மேனேஜரைப் பார்க்கப் போனேன்.

"எழுத்துல இருக்கேம்மா," என்றார் மேனேஜர்.

"முந்தின பக்கத்தையும் படிங்க சார்."

படித்தார். சமையல்காரரைப் பாத்திர மூடி தாக்கியிருந்தது. டைப்பிஸ்ட்டை ஸ்டேப்ளர் தாக்கியிருந்தது. எல்லாம் ‘வூண்டட்’. அதற்கும் முந்தின பக்கத்தில் மேனேஜரையே அவருடைய நாற்காலி தாக்கியிருந்தது.

"இந்த நாற்காலிதான்," என்றார், சற்று அசைந்து உட்கார்ந்து.

"அப்ப அதையும் வேலையை விட்டு அனுப்பணுமே சார்."

மிஷின்காரர் இருமுவது போலச் சிரித்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"வலிக்காம கட்டுப் போடுவாரும்மா உங்க அண்ணன்," என்றார். பிறகு பலகை விழுந்த வரிக்குக் கீழே ‘இது விபத்து’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிஷின்காரரிடம், "போய் வேலையைப் பாருய்யா," என்றார்.

திரும்பும் வழியில் முதலுதவி அறையைக் கடந்தேன். உள்ளே ஒரு புதுப் பெண் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். கதவில் அண்ணன் ஒட்டிய தாளை யாரும் எடுக்கவில்லை: ‘சாப்பாட்டு நேரம் ஒன்று முதல் ஒன்றரை வரை. அதற்குள் யாரும் அடிபட வேண்டாம்.’