சின்னவளின் திங்கட்கிழமை

பெரியவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். அம்மா செத்தது ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமையா?

சிறு வயதில் அம்மாவைத் தொற்றுக்காய்ச்சல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். அப்பாவுக்கு வேலை. அக்காவும் தங்கையும் முறை வைத்துக்கொண்டார்கள். கடைசி வாரம் ஞாயிறு பெரியவளின் முறை. தோழி வீட்டில் புதிதாக ஊஞ்சல் கட்டியிருந்தார்கள், அதில் ஆடப் போய்விட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திங்கள் சின்னவளின் முறை. மழைக்குப் பயந்து அவளும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா வந்து, "அம்மா போயிட்டா" என்றார். என்றைக்கு என்று கேட்கப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. அவரும் சாகும்வரை சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கண் மூடினாளாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். போதாதா?

அன்றிலிருந்து பெரியவள் பிடித்தது ஒரே பிடி: "உன் நாள்லதான்டி போனா." பாத்திரம் கழுவுவதில் தொடங்கிய சண்டையானாலும் சரி, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் தொடங்கிய சண்டையானாலும் சரி, அங்கேதான் போய் முடியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சு குறுகுறுத்தபோதெல்லாம் வாய் தங்கையைக் கொத்தியது. பாவி மகள், சின்னவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு, ரோடு போடுவதற்காக இடுகாட்டை இடம் மாற்றினார்கள். அம்மாவின் குழிமேல் ஆஸ்பத்திரிக்காரர்கள் நட்டிருந்த இரும்புத் தகடு பெரியவள் வீட்டுக்கு வந்தது. பெயர் இருந்தது, தேதி இருந்தது, கிழமை இல்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்லும் குமாஸ்தா ஒருவர் அங்கே உண்டு. ஆபீசே அவரைக் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடும், வீட்டில் கட்டிய பெண்டாட்டியும் அப்படித்தான்.

காலண்டர் தகட்டை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி விரலை மடக்கினார்.

"திங்கக்கிழமைம்மா."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கவுண்டரில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமைதான்டி. உன் நாள். நான் அப்பவே சொல்லல?"

 "சரிக்கா" என்று சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

காலண்டர் தகட்டைத் திருப்பினார். பின்பக்கம் ஆஸ்பத்திரி முத்திரை.

"ஏம்மா, இது மடத்துக்காரங்க ஆஸ்பத்திரியா?"

"ஆமா தம்பி. துறவிப் பொம்பளைங்க நடத்துனது."

அவர் முகம் சுருங்கிப்போனது. "தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிடுங்க. ஊரெல்லாம் புது நாள்கணக்குக்கு மாறியும் அவங்க மாறல. பழைய கணக்கு பதிமூணு நாள் பின்தங்கி ஓடும். அவங்க தேதியோட பதிமூணு கூட்டினாத்தான் நம்ம தேதி. பதினாலு கூட்டினா, ரெண்டு வாரம், அதே கிழமை வரும். ஒண்ணு குறையுதில்ல, அதனால கிழமையும் ஒண்ணு முன்னாடி போயிடும்."

"முன்னாடின்னா?"

"ஞாயித்துக்கிழமை."

பெரியவள் தகட்டை வாங்கிப் பையில் போட்டாள். அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா அன்றைக்கு எதிர்பார்த்துக் கிடந்தது தன் முகத்தைத்தான்.  வெகுநேரம் கழித்து மறுபடி போன் போட்டாள்.

"கணக்குல தப்புடி. ஞாயித்துக்கிழமையாம். என் நாள்."

சின்னவள் அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. திங்கக்கிழமையாவே இருக்கட்டும்."

"என்னடி பேசுற?"

"எனக்குப் பழகிடுச்சு. நீ தாங்க மாட்டே."

சரி என்று சொல்லிவிட ஒரு கணம் ஆசை வந்தது, உண்மை. இத்தனை வருஷம் செய்ததுதானே. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"வேணாம்டி. என் நாளை என்கிட்ட குடுத்துடு."